தெரியாது என்பது பூஜ்யம் அல்ல

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கணக்கு தவறினால் என்ன ஆகும்?' என்பது தலைவர் இன்று நமக்குக் கொடுத்திருக்கும் கேள்வி. எனக்கு முன் பேசிய அம்மையார் குடும்பக் கணக்கைப் பற்றி அழகாகச் சொன்னார்கள். அடுத்துப் பேசிய நண்பர் கடன் கணக்கைப் பற்றிச் சொன்னார். நான் அறிவியல் ஆசிரியனாக இருந்தவன். ஆகவே அறிவியலில் நடந்த ஒரு கணக்குத் தவற்றைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத ஓர் அணுவைப் பற்றிய தவறு அது. ஆனால் அதன் விலையைக் கொடுத்தவர்கள் கண்ணும் மூக்கும் உள்ள மனிதர்கள், குழந்தைகள்.

முதலில் இரண்டு சிறிய செய்திகள். இரண்டும் இந்த மண்ணில் நான் பார்த்தவை.

என் தாயார் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். மரத்திலிருந்து எடுத்த பாலை வாளியில் தூக்கிக்கொண்டு பால் கொட்டகைக்கு வருவார். அங்கே கிராணியார் பாலை அளப்பார். அதோடு விட்டுவிட மாட்டார். மெட்ரோலாக் என்ற கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அதில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்ப்பார். ரப்பருக்குத்தான் கூலி. தண்ணீருக்குக் கூலி கிடையாது. கிராணியார் புத்தகத்தில் தண்ணீரின் மதிப்பு பூஜ்யம். அது நியாயமான பூஜ்யம். ஏனென்றால் அவர் அளந்து பார்த்துவிட்டுத்தான் எழுதினார்.

இரண்டாவது, என் வகுப்பறை. ஐந்தாம் படிவ மாணவர்கள் ஆய்வுக்கூடத்தில் சோதனை செய்வார்கள். அட்டவணையில் பத்துக் கட்டங்கள் இருக்கும். ஒரு மாணவன் எட்டுக் கட்டத்துக்கு அளவு எடுத்திருப்பான். மணி அடித்துவிடும். மிச்சம் இரண்டு கட்டத்தில் 0, 0 என்று எழுதி நீட்டுவான். "தம்பி, நீ அளந்து பூஜ்யம் வந்ததா, அல்லது அளக்கவே இல்லையா?" என்று கேட்பேன். தலையைக் குனிந்துகொள்வான்.

நேயர்களே, 'அளந்தேன், பூஜ்யம்' என்பது ஓர் அறிவு. 'அளக்கவில்லை, ஆகவே பூஜ்யம்' என்பது ஆபத்து. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் நான் இன்று சொல்லப் போகிறேன்.

மின்னூட்டம் இல்லாத விருந்தாளி

அணுவின் நடுவிலே அணுக்கரு இருக்கிறது. அதற்குள் புரோட்டான்களும் நியூட்ரான்களும் இருக்கின்றன. புரோட்டானுக்கு மின்னூட்டம் உண்டு. நியூட்ரானுக்கு இல்லை. 1932ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் ஜேம்ஸ் சாட்விக் அதைக் கண்டுபிடித்தார்.

எப்படிக் கண்டுபிடித்தார்? நியூட்ரானை நேரடியாகப் பார்க்க முடியாது. அது எதன் மீது மோதுகிறதோ, மோதப்பட்ட பொருள் எவ்வளவு வேகமாகத் துள்ளி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். சாட்விக் ஹைட்ரஜன், நைட்ரஜன் போன்ற எடை குறைந்த அணுக்கருக்களை வைத்துப் பார்த்தார். சிறுவயதில் லயத்து வாசலில் கோலி விளையாடியவர்களுக்கு இது எளிதில் புரியும். அடிக்கும் குண்டு எவ்வளவு கனம் என்று தெரியாவிட்டாலும், அடிபட்ட குண்டுகள் ஓடுகிற ஓட்டத்தை வைத்துச் சொல்லிவிடலாம்.

அதே சோதனையை அதே ஆண்டில் சற்று முன்னதாகப் பாரிசில் ஐரீன் கியூரியும் அவருடைய கணவர் பிரெடரிக் ஜோலியோவும் செய்திருந்தார்கள். மெழுகிலிருந்து புரோட்டான்கள் துள்ளி வருவதை அவர்களும் கண்டார்கள். ஆனால் அதைக் காமாக் கதிரின் வேலை என்று நினைத்துவிட்டார்கள். கண்ணால் கண்டது சரி, கொண்ட பொருள் தவறு. ஆக, அளப்பது ஒரு பாதி வேலை. அளந்ததன் பொருளைச் சந்தேகத்தோடு கேட்டுப் பார்ப்பது மறு பாதி.

மின்னூட்டம் இல்லாததால் நியூட்ரானை எந்த அணுக்கருவும் விரட்டுவதில்லை. அது அழைக்காமலே உள்ளே நுழையும் விருந்தாளி. நுழைந்த பிறகு என்ன நடக்கும்? சில சமயம் மோதித் திரும்பிவிடும். சில சமயம் அணுக்கரு அதை விழுங்கிக்கொள்ளும். சில சமயம் அணுக்கருவே இரண்டாக, மூன்றாக உடைந்துபோகும். எந்த அணுவில், எந்த வேகத்தில், எது எத்தனை முறை நடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டுமானால் சோதனைச்சாலையில் அளந்துதான் சொல்ல வேண்டும். எடை குறைந்த அணுக்கருக்களில் இது இன்னும் முக்கியம். அவற்றில் ஒன்றுக்கொன்று ஒற்றுமை கிடையாது. ஒரே ஒரு நியூட்ரான் கூடினாலும் குறைந்தாலும் குணமே மாறிவிடும்.

களஞ்சியம் என்றோர் அளவு

இந்த நிகழ்தகவை அறிவியலாளர்கள் ஒரு பரப்பளவாகச் சொல்கிறார்கள். நியூட்ரானின் கண்ணுக்கு அந்த அணுக்கரு எவ்வளவு பெரிய இலக்காகத் தெரிகிறது என்பது கணக்கு. அதன் அலகுக்குப் 'பார்ன்' என்று பெயர். ஆங்கிலத்தில் பார்ன் என்றால் தானியக் களஞ்சியம். 1942இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் இரண்டு விஞ்ஞானிகள் வேடிக்கையாக வைத்த பெயர் அது. ஒரு சதுர சென்டிமீட்டரை ஒரு லட்சம் கோடிப் பங்காக்கி, அதில் ஒரு பங்கை எடுத்து மீண்டும் ஒரு லட்சம் கோடிப் பங்காக்கினால் வருவது ஒரு பார்ன். அணு உலகத்தில் அது களஞ்சியம் போலப் பெரியது என்பதுதான் வேடிக்கை.

இப்போது சில எண்களைக் கேளுங்கள். மெதுவாக வரும் நியூட்ரானுக்குப் போரான்-10 அணுக்கரு ஏறத்தாழ 3,840 பார்ன் அளவுக்குத் தெரிகிறது. அதன் உண்மையான உடம்பைவிட அது பத்தாயிரம் மடங்குக்கும் அதிகம். லித்தியம்-6 ஏறத்தாழ 940 பார்ன். கார்பன் வெறும் 0.0035 பார்ன், அதாவது நியூட்ரானை விழுங்குவதே இல்லை என்று சொல்லலாம். லித்தியம்-6க்குப் பக்கத்து வீட்டுக்காரனான லித்தியம்-7 எவ்வளவு? 0.045 பார்ன்தான். இந்த லித்தியம்-7ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையின் நாயகன், அல்லது வில்லன், அவன்தான்.

கலப்படம் செய்த குழப்பம்

அதற்கு முன் கார்பனைப் பற்றி ஒரு வார்த்தை. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அணு உலை கட்ட விரும்பியவர்களுக்கு, நியூட்ரானை விழுங்காமல் அதன் வேகத்தை மட்டும் குறைக்கும் பொருள் தேவைப்பட்டது. கார்பன், அதாவது கிராபைட், அதற்கு ஏற்றதா?

ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரத்தில் வால்ட்டர் போத்தே என்ற சிறந்த விஞ்ஞானி 1941இல் அளந்து பார்த்தார். நியூட்ரான்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் காணாமல் போயின. கிராபைட் உதவாது என்ற முடிவு வந்தது. ஜெர்மானியர்கள் நார்வே நாட்டின் கனநீரை நம்பினார்கள். அமெரிக்காவிலோ, லியோ சிலார்டும் என்ரிக்கோ ஃபெர்மியும் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டார்கள். 'இந்தக் கிராபைட்டில் கார்பன் மட்டும்தானா இருக்கிறது?' கிராபைட் தயாரிப்பவர்களிடமே போய் விசாரித்தார்கள். அதில் துளி அளவு போரான் கலந்திருப்பது தெரிந்தது.

எவ்வளவு துளி? மேலே சொன்ன எண்களை வைத்து நீங்களே கணக்குப் போடலாம். இரண்டு லட்சம் கார்பன் அணுக்களுக்கு நடுவில் ஒரே ஓர் அணு இயற்கைப் போரான் இருந்தால் போதும். விழுங்கப்படும் நியூட்ரான் இரட்டிப்பாகிவிடும். அமெரிக்கர்கள் சுத்தமான கிராபைட்டைச் செய்யச் சொல்லி வாங்கினார்கள். 1942 டிசம்பர் 2ஆம் நாள் சிகாகோவில் உலகின் முதல் அணு உலை கிராபைட்டைக் கொண்டே இயங்கியது.

ஜெர்மனியின் அணுத் திட்டம் தோற்றதற்கு இது ஒன்றே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். பணம், ஆள், போரின் போக்கு என்று பல காரணங்கள் உண்டு. அந்தத் தவறு உலகத்துக்கு நல்லதாகப் போயிற்று என்றும் நீங்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் நேயர்களே, கணக்குத் தவறு நல்லவன் பக்கமா, கெட்டவன் பக்கமா என்று பார்த்து விழுவதில்லை. 1941இல் அது ஒரு பக்கம் விழுந்தது. 13 ஆண்டுகள் கழித்து, எந்தப் பாவமும் அறியாத தீவு மக்கள் மீது விழுந்தது.

1954 மார்ச் 1

பசிபிக் பெருங்கடலில் மார்ஷல் தீவுகள் இருக்கின்றன. அங்கே பிக்கினி என்ற பவளத் தீவில், அன்று காலை 6.45 மணிக்கு அமெரிக்கா ஒரு ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. 'கேசல் பிராவோ' என்பது சோதனையின் பெயர். ஏறத்தாழ 6 மெகா டன் சக்தி வரும் என்று கணக்கிட்டிருந்தார்கள். வந்தது 15 மெகா டன். இரண்டரை மடங்கு! ஹிரோஷிமாவில் போட்ட குண்டைப் போல ஏறத்தாழ ஆயிரம் மடங்கு. அமெரிக்கா அதுவரைக்கும் மட்டுமல்ல, அதற்குப் பிறகும் இவ்வளவு பெரிய குண்டை வெடித்ததில்லை. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தள்ளிப் பதுங்கு அறையில் இருந்து குண்டை இயக்கியவர்களே பல மணி நேரம் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொண்டார்கள்.

எங்கே தவறியது கணக்கு?

அந்தக் குண்டின் எரிபொருள் லித்தியமும் கன ஹைட்ரஜனான டியூட்டீரியமும் சேர்ந்த கலவை. லித்தியம்-6 மீது நியூட்ரான் மோதினால் டிரிட்டியம் பிறக்கும். அந்த டிரிட்டியம் டியூட்டீரியத்தோடு இணையும்போதுதான் பெரும் சக்தி வெளிப்படும். இயற்கையில் கிடைக்கும் லித்தியத்தில் 100க்கு 92க்கு மேல் லித்தியம்-7தான். லித்தியம்-6ஐப் பிரித்தெடுப்பது கடினமான வேலை. எனவே 40 பங்கு லித்தியம்-6, மிச்சம் 60 பங்கு லித்தியம்-7 என்று வைத்து நிரப்பினார்கள். அந்த 60 பங்கு சும்மா கிடக்கும் என்பது கணக்கு. கிராணியார் புத்தகத்தில் தண்ணீருக்குப் பூஜ்யம் போட்ட மாதிரி, லித்தியம்-7க்குப் பூஜ்யம் போட்டுவிட்டார்கள்.

ஆனால் அந்தத் தண்ணீரே தீப்பற்றி எரிந்தால்?

அதுதான் நடந்தது. மெதுவான நியூட்ரானுக்கு லித்தியம்-7 அசையாது. ஆனால் அதற்கு ஒரு வரம்பு உண்டு. ஏறத்தாழ 2.8 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் சக்திக்கு மேல் நியூட்ரான் வந்து மோதினால், லித்தியம்-7 உடைந்து ஹீலியமும் டிரிட்டியமும் ஆகிறது. போதாக்குறைக்கு ஒரு நியூட்ரானும் மறுபடி வெளியே வந்து அடுத்த வேலைக்குப் போகிறது. தேங்காயை மெல்லத் தட்டிப் பாருங்கள், உடையாது. ஆயிரம் முறை மெல்லத் தட்டினாலும் உடையாது. ஓங்கி ஒரு முறை அடித்தால் சிதறும். மெல்லத் தட்டிப் பார்த்துவிட்டு 'இது உடையாத காய்' என்று எழுதி வைப்பது சரியா?

ஹைட்ரஜன் குண்டுக்குள் பிறக்கும் நியூட்ரான்களின் சக்தி 14 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட். வரம்பைப் போல ஐந்து மடங்கு. அந்த வேகத்தில் லித்தியம்-7 உடையும் அளவு ஏறத்தாழ 0.3 பார்ன். 940க்கு முன்னால் அது அற்பம். ஆனால் அந்த வேகத்தில் லித்தியம்-6இன் அளவும் 940 அல்ல. வேகமான நியூட்ரானுக்கு அதுவும் சின்னஞ்சிறு இலக்காகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே சும்மா கிடக்கும் என்று நினைத்த 60 பங்கும் சேர்ந்து எரிந்தது.

இதை இன்னும் தெளிவாகக் காட்டியது அதே மாதம் நடந்த அடுத்த சோதனை. 'ரோமியோ' என்று பெயர். அதில் லித்தியத்தைப் பிரிக்காமல் இயற்கையில் கிடைத்தபடியே நிரப்பியிருந்தார்கள். ஏறத்தாழ 4 மெகா டன் வரும் என்று எதிர்பார்த்தார்கள். 11 வந்தது.

சாம்பல் மழை

பிக்கினிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தள்ளி ரோங்கலாப் தீவு. கோலாலம்பூரிலிருந்து மலாக்கா எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரம். வெடித்துச் சில மணி நேரத்தில் அங்கே வானத்திலிருந்து வெள்ளைத் தூள் கொட்டியது. பனியைப் பார்த்தே அறியாத தீவுக் குழந்தைகள் அதில் விளையாடினார்கள். அது பனி அல்ல. வெடிப்பில் பொடியான பவளப் பாறை, கதிரியக்கம் ஏறிய சாம்பல். தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது, உணவில் விழுந்தது, தலைமுடியில் ஒட்டியது. இரவுக்குள் வாந்தி, தோல் எரிச்சல். ரோங்கலாப்பில் இருந்த 64 பேரையும் பக்கத்துத் தீவில் இருந்த 18 பேரையும் அமெரிக்கக் கடற்படை வந்து ஏற்றிச் சென்றது இரண்டு நாட்களுக்குப் பிறகு.

காற்றின் திசையும் ஒரு காரணம்தான். அதை மறைக்கக் கூடாது. ஆனால் 6 என்று நினைத்துப் போட்ட பாதுகாப்பு எல்லை 15க்கு எப்படிப் போதும்? அந்த எல்லைக்கு வெளியே, நமக்கு ஆபத்தில்லை என்று நம்பி, ஜப்பானிய மீன்பிடிப் படகு ஒன்று சூரை மீன் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் பெயர் 'அதிர்ஷ்ட நாகம்'. அதில் இருந்தவர்கள் 23 பேர். எல்லார் மீதும் சாம்பல் கொட்டியது. வானொலி இயக்குநர் அய்கிச்சி குபோயாமா அதே ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் மருத்துவமனையில் இறந்தார். அவருக்கு வயது 40. சோதனைக்குப் பிறகுதான் பாதுகாப்பு எல்லையைப் பல மடங்கு பெரிதாக்கினார்கள்.

ரோங்கலாப் மக்கள் 1957இல் ஊருக்குத் திரும்ப அனுப்பப்பட்டார்கள். சாம்பல் விழுந்தபோது பத்து வயதுக்குக் குறைவாக இருந்த அந்தத் தீவுக் குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பின்னாளில் தொண்டையில் உள்ள தைராய்டு சுரப்பியில் கட்டிகள் வந்தன. அன்று ஒரு வயதுக் குழந்தையாக இருந்த ஒருவர் 1972இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். 1985இல் அந்த மக்கள் தங்கள் தீவை விட்டே வெளியேறினார்கள்.

இதைச் சொல்லும்போது என் மனம் கனக்கிறது. குண்டு வெடிக்காமலே இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. அணு ஆயுதத்தைச் 'சரியான' கணக்கோடு வெடித்தால் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. சொல்வது இதுதான்: அளக்காத ஓர் எண்ணுக்குப் பக்கத்தில் நின்றவர்களுக்கு, அது எண் என்றே தெரியாது. அவர்களைக் கேட்டும் யாரும் கணக்குப் போடவில்லை.

எப்படித்தான் அளக்கிறார்கள்?

'அளந்திருக்கலாமே, அதில் என்ன கஷ்டம்?' என்று இளைஞர்கள் கேட்பீர்கள். கஷ்டம்தான். பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் வேகம் தெரிந்த நியூட்ரான் வேண்டும். டியூட்டீரியத்தை டிரிட்டியத்தின் மீது மோதவிட்டால் ஏறத்தாழ 14 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான் கிடைக்கும். வேறொரு வழி ஓட்டப் பந்தயம். எல்லா வேகத்திலும் நியூட்ரான்களை ஒரே நொடியில் கிளப்பிவிட்டு, எது எப்போது வந்து சேருகிறது என்று பார்ப்பது. ஜெனீவா நகருக்கு அருகில் உள்ள செர்ன் ஆய்வு மையத்தில் 2001ஆம் ஆண்டிலிருந்து ஏறத்தாழ 185 மீட்டர் நீளப் பாதையில் இப்படி அளக்கிறார்கள். 14 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் நியூட்ரான் அந்தத் தூரத்தை நொடியின் பத்து லட்சத்தில் நான்கு பங்குக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடும். மெதுவான நியூட்ரான் வந்து சேர நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு ஆகும். வந்து சேரும் நேரமே அதன் சக்தியைச் சொல்லிவிடும்.

அடுத்து, எத்தனை நியூட்ரான் வந்தது என்று எண்ண வேண்டும். மின்னூட்டம் இல்லாததை எப்படி எண்ணுவது? வேறொரு அணுக்கருவில் மோதவிட்டுத்தான் எண்ண வேண்டும். ஆகவே ஒன்றை அளக்க இன்னொன்று அளவுகோலாக வேண்டும். ஹைட்ரஜன், ஹீலியம்-3, லித்தியம்-6, போரான்-10, கார்பன் ஆகிய இந்த இலேசான அணுக்கருக்களே பெரும்பாலும் உலகம் முழுவதும் அந்த அளவுகோலாக இருக்கின்றன. நம் மளிகைக் கடைத் தராசுக்குப் படிக்கல் எப்படியோ அப்படி. படிக்கல்லில் குறை இருந்தால் கடையில் நிறுத்த எல்லாமே குறைதான். அதனால்தான் வியன்னாவில் உள்ள அனைத்துலக அணுசக்தி நிறுவனம் பல நாட்டு விஞ்ஞானிகளைக் கூட்டி, அந்தப் படிக்கற்களைத் திரும்பத் திரும்பச் சரிபார்க்கிறது.

மூன்றாவது, உடைந்து வந்த துண்டுகளை எண்ண வேண்டும். லித்தியத்தில் பிறக்கும் டிரிட்டியம் மிகவும் பலவீனமான கதிரை வீசும். அதன் அரை ஆயுள் 12.3 ஆண்டுகள். நியூட்ரானில் காட்டிய லித்தியத்திலிருந்து அதைப் பக்குவமாகப் பிரித்தெடுத்துத்தான் எண்ண வேண்டும். கொஞ்சம் தப்பிப் போனாலும் விடை குறையும்.

நான்காவது, சுவர். ஆமாம், அறையின் சுவர்! நியூட்ரான் சுவரில் மோதி வேகம் குறைந்து திரும்பி வரும். நீங்கள் வைத்திருக்கும் லித்தியம்-7இல் துளி லித்தியம்-6 கலந்திருந்தால், அந்த மெதுவான நியூட்ரான் 940 பார்ன் இலக்கில் பாய்ந்து டிரிட்டியத்தை உண்டாக்கிவிடும். உங்கள் கணக்கு அதை லித்தியம்-7இன் வேலை என்று எழுதிக்கொள்ளும். கிராபைட்டில் போரான் செய்த அதே சித்து வேலை. ஆகவே சுத்தமான மாதிரி வேண்டும், சுவரைத் தூரத்தில் வைக்க வேண்டும், மாதிரியை எடுத்துவிட்டு வெறுமனே ஒரு முறை அளந்து கழிக்கவும் வேண்டும்.

இவ்வளவு செய்த பிறகும் ஒரே ஆய்வுக்கூடத்தின் விடையை நம்பிவிடுவதில்லை. லித்தியம்-7க்கு 1950களிலேயே எண் கிடைத்துவிட்டது. ஆனால் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து வேறு ஆய்வுக்கூடங்கள் வேறு முறையில் அளந்தபோது, பட்டியலில் இருந்த எண் கூடுதல் என்று தெரிந்தது. எண்ணைத் திருத்தினார்கள். இதில் வெட்கம் ஒன்றும் இல்லை. திருத்தாமல் இருப்பதுதான் வெட்கம்.

இன்று எதற்கு இது?

'ஐயா, குண்டுக் கதை பழைய கதை. நமக்கு என்ன?' என்று நீங்கள் கேட்கலாம்.

அதே லித்தியம் இன்று வேறு வேலைக்கு அழைக்கப்படுகிறது. பிரான்ஸ் நாட்டில் பல நாடுகள் சேர்ந்து 'இட்டர்' என்ற அணு இணைவு உலையைக் கட்டுகின்றன. அழிப்பதற்கு அல்ல, மின்சாரத்துக்கு வழி காண்பதற்கு. அந்த வகை உலைக்கு எரிபொருள் டிரிட்டியம். டிரிட்டியம் இயற்கையில் தேவையான அளவுக்குக் கிடைக்காது. ஆகவே வருங்கால மின் உலைகள் தமக்கு வேண்டியதைத் தாமே லித்தியத்திலிருந்து செய்துகொள்ள வேண்டும். 100 டிரிட்டியம் எரிந்தால் 100க்கு மேல் பிறக்க வேண்டும். 98 பிறந்தால் அடுப்பு மெல்ல அணைந்துவிடும். நூற்றுக்கு இரண்டு, மூன்று என்ற இந்த இடைவெளியில்தான் ஓர் உலையின் வாழ்வும் சாவும் இருக்கிறது. இங்கேயும் லித்தியம்-7 உடைந்து திருப்பித் தரும் நியூட்ரான் கைகொடுக்கிறது. 1954இல் ஊரைச் சுட்ட அதே வினை, அளந்து தெரிந்துகொண்ட பிறகு உதவிக்கு வருகிறது.

போரானைப் பாருங்கள். புற்றுநோய்க் கட்டியில் சேரும்படி போரான் கலந்த மருந்தைச் செலுத்தி, மெதுவான நியூட்ரானைப் பாய்ச்சுகிறார்கள். போரான்-10 உடைந்து தெறிக்கும் துண்டுகள் ஒரு செல்லின் அகலத்துக்கு மேல் ஓடுவதில்லை. கெட்ட செல்லுக்குள்ளேயே வேலையை முடித்துக்கொள்கின்றன. தலை, கழுத்துப் பகுதியில் வரும் சில புற்றுநோய்களுக்கு இந்தச் சிகிச்சைமுறையை ஜப்பான் 2020இல் அங்கீகரித்தது. எந்த அளவு நியூட்ரான், எவ்வளவு நேரம் என்று மருத்துவர் முடிவு செய்யும்போது, நம் 3,840 என்ற எண் நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் நிற்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் சிலாங்கூர் மாநிலத்தில், பாங்கியில், 1 மெகாவாட் ஆய்வு உலை ஒன்று உண்டு. 1982 ஜூன் 28இல் அது முதன்முதலாக இயங்கத் தொடங்கியது. அதன் எரிபொருளுக்குள்ளேயே ஹைட்ரஜன் இருந்து நியூட்ரானின் வேகத்தைக் குறைக்கிறது. அதைக் கட்டுப்படுத்தும் தண்டுகளில் இருப்பது போரான். அந்தப் பக்கம் காரில் போகும்போது, யாரோ எங்கோ பொறுமையாக அளந்து வைத்த எண்கள்தாம் அந்தக் கட்டடத்தைக் காவல் காக்கின்றன என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

முடிவாக

அன்பு நேயர்களே, அவைத் தலைவர் ஐயா அவர்களே, என் நேரம் முடியப் போகிறது. 'கணக்கு தவறினால் என்ன ஆகும்?' என்று கேட்டீர்கள். போட்ட கூட்டலில் தவறினால் மறுபடி கூட்டிச் சரிசெய்துகொள்ளலாம். ஆனால் தெரியாத இடத்தில் பூஜ்யம் போட்டால், அந்தக் கணக்கு எத்தனை முறை கூட்டினாலும் சரியாகவே வரும். அதுதான் அதிலுள்ள ஆபத்து. எல்லாம் சரி என்று தோன்றும், வெடிக்கிற வரைக்கும்.

இது அணுவுக்கு மட்டும் உள்ள பாடம் இல்லை. 'எனக்குச் சர்க்கரை நோய் இல்லை' என்று சொல்கிறவரிடம், 'பரிசோதித்துப் பார்த்தீர்களா?' என்று கேளுங்கள். 'பையனுக்குப் பள்ளியில் எந்தப் பிரச்சினையும் இல்லை' என்று சொல்கிற தகப்பனாரிடம், 'அவனிடம் உட்கார்ந்து பேசினீர்களா?' என்று கேளுங்கள். நமக்குத் தெரியாதது எல்லாம் இல்லாதது ஆகிவிடாது.

என்னிடம் அன்று அட்டவணையை நீட்டிய மாணவனுக்கு நான் சொன்னது இதுதான். "தம்பி, அளக்காத கட்டத்தை வெறுமையாக விட்டுவிடு. ஒரு மதிப்பெண் குறையும், குறையட்டும். வெறும் கட்டத்தைப் பார்த்தால், இங்கே ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்று அடுத்தவனுக்குத் தெரியும். பூஜ்யத்தைப் பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்."